கடன் கொப்பியில் தொடங்கட்டும்

உயர்தரம் முடித்த மகள், "ஸ்பிரிங் பூட் படிக்கப் போறேன் உம்மா" என்கிறாளா? பொகவந்தலாவையிலிருந்து கொழும்புக்கு எப்படி அனுப்புவது, கட்டணத்துக்கு எங்கே போவது என்று மலைத்து நிற்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள், சகோதரி.

ஜாவா, 1995இல் வெளிவந்த கணனி மொழி. (பெயர் காப்பியிலிருந்து வந்தது, தேயிலை மலையிலிருந்து அதைப் படிப்பதும் வேடிக்கைதான்!) அம்மொழியில் இணையச் செயலிகள் அமைக்க உதவும் சட்டகம் ஸ்பிரிங்; அதைத் தொடங்குவதை எளிதாக்கியது 2014இல் வந்த ஸ்பிரிங் பூட். எல்லாம் இலவசம். தேவையானவற்றை ஒருமுறை இறக்கிக்கொண்டால், இணையம் இல்லாத வேளையிலும் வீட்டுக் கணனியில் பழகலாம்.

வாப்பாவின் கடைக் கடன் கொப்பியையே செயலியாக்கச் சொல்லுங்கள். பெயர், தொகை, திகதி. சேர்க்க, திருத்த, அழிக்க வேண்டும். பிறகு செயலியை நிறுத்தி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். கணக்கு மாயமாகிவிட்டதா? பழகுவோர் பலர் தற்காலிக நினைவகத் தரவுத்தளத்தில்தான் தொடங்குவார்கள். நிலையான தரவுத்தளத்துக்கு அவளே மாற்றட்டும். கடவுச்சொல் இல்லாமல் கடன்காரர் பெயர்களை யாரும் பார்க்க முடிகிறதா? அது இன்னும் பெரிய பாடம். பிறர் கடன் அமானிதமல்லவா!

அதன்பிறகும் வகுப்பு வேண்டுமென்றால், சான்றிதழைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் அவளே கணனியில் எழுதுவாள், பிழை வந்தால் யார் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.