பத்மினி ஒரு பக்கம் சாய்வது ஏன்?

தக்கலைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா காலத்து பிரீமியர் பத்மினி ஒன்று வீட்டில் நிற்கிறது. கல்யாண வீடு, கோயில் கொடை என்று எப்போதாவது வெளியே எடுப்பார்கள். கொஞ்ச நாளாக முன்னால் இடது மூலை "லேசா சரிஞ்சு நிக்கு". ஒரு மேஸ்திரி ஸ்பிரிங்கைக் கழற்றி, உலையில் காய்ச்சி நீட்டித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகினால் போதும், மைலேஜும் கூடும் என்கிறார். மூன்றாமவர் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மூன்று பேர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

மூன்றாமவரை முதலில் அனுப்பிவிடலாம். பழைய வண்டிகளின் எண்ணெய் ஷாக் அப்சார்பர் எடை தாங்குவதே இல்லை. கழற்றி வைத்துக் கையால் அமுக்கிப் பாருங்கள், அமுக்கிய இடத்திலேயே நிற்கும். வண்டி துள்ளுவதை அடக்குவது அதன் வேலை. தூக்கி நிறுத்துவது அல்ல. புதிதாக இரண்டு மாட்டினாலும் வண்டி சரிந்தே நிற்கும்.

மற்ற இருவர் விஷயத்துக்கு ஸ்பிரிங்குக்குள்ளே போயாக வேண்டும். காயில் ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் கம்பி வளைகிறது என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும். உண்மையில் கம்பி முறுக்கிக்கொள்கிறது. வண்டியின் எடை சுருளின் நட்டநடுவாக இறங்குகிறது. அந்த நடுவில் கம்பியே கிடையாது, வெறும் காற்று. கம்பியோ எங்கும் நடுவிலிருந்து ஓர் ஆரம் விலகியே சுற்றிக்கொண்டு போகிறது. ஆகவே கம்பியின் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும், எடை அந்த இடத்தைத் திருகத்தான் பார்க்கும்.

நனைந்த எட்டு முழ வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். நீள வேட்டியை ஒரு சுற்று முறுக்குவது சுலபம். சின்னத் துண்டை அதே ஒரு சுற்று முறுக்கப் போனால் மணிக்கட்டு வலிக்கும். ஸ்பிரிங்கிலும் அப்படியே: சுற்று அதிகமானால் இளக்கம், குறைந்தால் விறைப்பு. வேட்டியை மடித்துத் தடிமனாக்கினால் இன்னும் கடினம். ஆனால் இங்கே வேட்டி நம்மைக் கைவிடத் தொடங்குகிறது. உருக்குக் கம்பியின் விட்டம் இரு மடங்கானால் விறைப்பு 16 மடங்காகிவிடும். மடித்த துணியோ இழைக்கு இழை வழுக்கும். பிழிந்த வேட்டி தரையில் போட்டாலும் முறுக்கோடே கிடக்கும். ஸ்பிரிங் அப்படிக் கிடந்தால் மட்கார்டு டயரில் உரசும். வேட்டியில் நாம் போட்ட உழைப்பு தண்ணீராக வடிந்து போகிறது. ஸ்பிரிங்கில் வடிவதற்கு ஒன்றுமில்லை, வாங்கிய அத்தனையையும் உடனே திருப்பித் தள்ளும். அதை வாங்கிச் சூடாக்கி விரயம் செய்யத்தான் பக்கத்தில் ஷாக் அப்சார்பர் நிற்கிறது.

பத்மினியின் பழைய போட்டியாளரான அம்பாசடருக்கு முன்னால் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. வண்டியின் நீளவாக்கில் ஒரு நேர் கம்பி, டார்ஷன் பார், படுத்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அது திருகப்பட்டு எதிர்க்கும். அந்தக் கம்பியைச் சுருட்டி நிமிர்த்தி வைத்தால் அதுவே காயில் ஸ்பிரிங். எந்த வண்டி சொகுசு என்று டீக்கடையில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள், ஒரே வித்தையின் இரண்டு பக்கத்துக்காகத்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள்.

வரலாறும் கொஞ்சம் இருந்தாக வேண்டும் என்பார்கள். சுமைக்கேற்ற அளவில்தான் ஸ்பிரிங் அமுங்கும் என்ற தன் விதியை ஹூக் 1678-இல் வெளியிட்டார். முறுக்கின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது என்று கூலும் 1784-இல் காட்டினார். இத்தாலியின் பியட் 1100 மும்பை குர்லாவில் பத்மினியானது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது நாளிதழ்கள் கண்ணீர் விட்டன. போதும்.

"ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு" என்று பட்டறையில் சொல்கிறோமே, விறைப்பு குறைந்துவிட்டது என்றா பொருள்? அநேகமாக இல்லை. உருக்கு நாற்பது வயதிலும் அதே முரட்டுத்தனத்தோடுதான் முறுக்கை எதிர்க்கும். குறைந்தது உயரம். வருஷக்கணக்காக ஒரே சுமையில் நின்றதாலும், பெரிய குழிகளில் அடிவரை இடித்ததாலும், கம்பி துளித்துளியாக நிரந்தர முறுக்கு வாங்கிக்கொண்டுவிட்டது. ஷெட்டிலேயே நிற்கிற வண்டிக்கும் இது நேரும்.

அப்படியானால் நீட்டிவிட்டால் என்ன? பின்னால் இருக்கும் கமான் பட்டையைத் தட்டி வளைவு ஏற்றி மாட்டுகிறார்களே, அதே நியாயம்தானே? அதுதான் இல்லை. ஸ்பிரிங் உருக்கைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி 400, 500 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தியிருப்பார்கள். கொல்லன் உலையில் அது மீண்டும் சிவந்ததும் அந்தப் பதம் போய்விடும். காய்ச்சாமல் பச்சையாக இழுத்து நீட்டினால் வேறு சங்கடம். ஆலையில் புது ஸ்பிரிங்கைச் சுருள்கள் முட்டும்வரை வேண்டுமென்றே அமுக்கி விடுவார்கள். கம்பியின் மேற்பரப்பு சற்றே விட்டுக்கொடுக்கும். அதனால் உள்ளே தங்கும் தகைவு, பின்னால் வரப்போகும் சுமைக்கு எதிர்த்திசையில் இருந்து காப்பாற்றும். நீட்டினால் அந்தத் தகைவு தலைகீழாகிவிடும். வண்டி சில மாதம் நிமிர்ந்து நிற்கும், அப்புறம் பழைய கதை.

பஃபர் விவகாரம் இன்னும் வேடிக்கை. விளம்பரத்தில் வண்டி உயரும், குலுங்காது, மெத்தென்றிருக்கும், எரிபொருள் மிச்சமாகும். சுருளுக்கு இடையே ரப்பரைச் செருகினால் ஒரு சுற்று வேலை செய்யாமல் போகும்; எட்டு இருந்தது ஏழானால் விறைப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். வண்டி உயரும் என்பது சரி. விறைத்த ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? மைலேஜைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

நம்மூரில் பஃபருக்கு இன்னொரு கேடும் உண்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரமாக ஓடுகிற வண்டியில் உப்பும் மணலும் எல்லா இடுக்கிலும் ஏறும். மணவாளக்குறிச்சி மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் தாது அது. ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவில் அது மாட்டினால் ஒவ்வொரு குலுக்கலிலும் பெயின்ட் தேயும், பிறகு உப்பு வேலையை ஆரம்பிக்கும். 12 மி.மீ. கம்பி நெடுக அரித்து 11.5 ஆனாலே விறைப்பில் 16 சதவீதம் போச்சு. அதைவிட ஆபத்து, துருவில் விழும் சின்னஞ்சிறு குழி. விரிசல் அங்கேதான் பிறக்கும், பெரும்பாலும் தண்ணீர் தேங்கும் அடிச்சுற்றில். உடைந்த முனையைக் கையில் எடுத்தால் வெட்டு நேர்க்குறுக்காக இராது, கம்பிக்கு 45 டிகிரி சாய்வாக இருக்கும். ஒரு சாக்பீஸை இரு முனையும் பிடித்து, வளைக்காமல் முறுக்கி உடைத்துப் பாருங்கள். அதே சாய்வு கிடைக்கும். கம்பி முறுக்கத்தான் பட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி வாசகரின் வண்டி. நெல் காயப்போடும் சிமென்ட் களம் மாதிரி சமதளமாக ஓரிடம் பார்த்து நிறுத்தி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விடவும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரு பக்கமும் டேப் வைத்து அளக்கவும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் இருந்தால் உடனே முன் ஸ்பிரிங்கைப் பழிக்க வேண்டாம். பின்னால் ஒரு பக்கக் கமான் பட்டை தாழ்ந்திருந்தாலும் முன்பக்கம் சாயும். பின் ஆக்சிலின் நடுவில் ஜாக்கி வைத்து, சக்கரங்கள் தரையை விடும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இப்போது முன்பக்கம் சமமானால் குற்றவாளி பின்னால் இருக்கிறது. அப்போதும் சரிந்தே நின்றால், ஸ்பிரிங் கம்ப்ரெஸர் வைத்திருக்கும் பட்டறையில் இடது ஸ்பிரிங்கை வலதிலும் வலதை இடதிலும் மாட்டச் சொல்லுங்கள். சரிவும் கூடவே பக்கம் மாறினால் ஸ்பிரிங்தான்; இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். சரிவு மாறாமல் இடதிலேயே நின்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம், அதன் புஷ், ஸ்பிரிங் உட்காரும் தகரம் என்று தேட வேண்டியதுதான்.

கழற்றிய கையோடு ஸ்பிரிங்கின் தலையில் இருக்கும் ரப்பர் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் ஆர்மின் நுனியில் உட்காருவதில்லை, உள்ளே தள்ளி உட்காருகிறது. பாதித் தூரத்தில் இருந்தால், பேடு 5 மி.மீ. நசுங்கியதற்கு மட்கார்டு 10 மி.மீ. இறங்கும்.