ஒரு மீட்டர் தூரத்தில் உலகம்

திருகவும் திருத்தவும் எதுவுமில்லாத பிளாஸ்டிக் பெட்டி. ஆனால் அகலக் கோணத்தில் படம் பிடிக்கும் இந்தப் பொம்மைக் கேமரா, எடுப்பவரிடம் கேட்கும் விலை வேறு.

தாஜ் மகாலின் பிரதான வாசலைத் தாண்டி உள்ளே நுழைகிற எவருடைய கையும் முதலில் கேமராவைத்தான் தேடும். அந்தக் கேமரா 22 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தால் ஏமாற்றம் நிச்சயம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு அப்பால், 73 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்தச் சலவைக்கல் அதிசயம், நெகட்டிவில் ஐந்து மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மீதி இடமெல்லாம் வானம், தரை, முன்னால் நடந்து போகிறவர்களின் முதுகு. இதில் வேடிக்கை என்னவென்றால், கேமராவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி யாராவது வந்து நின்றால் அவருடைய தலையும் நெகட்டிவில் கிட்டத்தட்ட அதே ஐந்து மில்லிமீட்டர்தான். ஷாஜகானின் கல்லறை மாளிகையும் ஆக்ராவுக்குச் சுற்றுலா வந்த ஒருவரின் தலையும் சரிநிகர் சமானம்.

அகலக் கோண லென்ஸை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் இது. அகலமாகப் பார்க்கிறது, ஆகவே எல்லாவற்றையும் உள்ளே அடக்கிவிடலாம் என்று பின்னால் நகர்கிறார்கள். அடங்கத்தான் செய்கிறது, ஆனால் எதுவும் தெரிவதில்லை. முதல் ரோல் கழுவி வந்ததும் பலர் பெட்டியைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது ரோலில் முன்னால் நகர்ந்தவர்களே அதன் ரசிகர்களாக மாறியவர்கள்.

இந்த ரகத்தில் பிரபலமானது விவிடார் என்ற அமெரிக்கப் பெயரில் விற்ற 'அல்ட்ரா வைட் அண்ட் ஸ்லிம்'. சட்டைப் பையில் அடங்கும். எடை 100 கிராமுக்கும் குறைவு. பாட்டரி கிடையாது, பிளாஷ் கிடையாது. லென்ஸ்கூடக் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். ஷட்டரின் வேகம் ஒன்றே ஒன்று: விநாடியில் 125ல் ஒரு பங்கு. ஒளி நுழையும் துவாரமும் ஒன்றே: எஃப் 11. மலிவுச் சரக்காக விற்று, தயாரிப்பு நின்று, மறக்கப்பட வேண்டிய பொருள்தான் அது. நடந்தது வேறு. நின்ற பிறகுதான் தேடல் ஆரம்பித்தது. பழைய பெட்டிகளுக்குப் புது விலை வந்தது. அதன் அச்சில் வேறு பெயர்களில் நகல்கள் முளைத்தன. 2022ல் ஹாங்காங்கைச் சேர்ந்த ரெட்டோ நிறுவனம் அதே 22 மி.மீ., அதே எஃப் 11 அளவுகளோடு ஒன்றை வெளியிட்டது.

பொம்மைக் கேமராக்களின் மேல் உலகம் மயங்குவது புதிதல்ல. ஹாங்காங்கில் 1960களில் வந்த டயானா, அங்கேயே 1982ல் பிறந்த ஹோல்கா இரண்டுமே மலிவு விலைக்காகச் செய்யப்பட்டு, தங்கள் குறைகளுக்காகப் போற்றப்பட்டவை. வியன்னாவில் 1992ல் ஆரம்பித்த லோமோகிராபி இயக்கம் இந்த மயக்கத்தை ஒரு வியாபாரமாகவே வளர்த்தெடுத்தது. அவர்களுடைய 'ஃபிஷ்ஐ' கேமரா 170 டிகிரி கோணத்தைச் சுருட்டி வட்டத்துக்குள் வைக்கும். ஆனால் அதில் நேர்கோடு எல்லாம் வில்லாக வளைந்துவிடுவதால் பத்துப் படத்துக்கு மேல் அலுத்துவிடும். விவிடாரின் 22 மி.மீ. லென்ஸ் அத்தனை கூத்தடிப்பதில்லை. பெரும்பாலும் கோட்டைக் கோடாகவே காட்டும். நீடிப்பதற்கு அதுவே காரணம்.

இந்தியாவுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் பழக்கமானவைதான். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3, பிறகு ஹாட்ஷாட், 1990களில் கோடக் கேபி 10 என்று ஒரு தலைமுறையின் பிறந்தநாளும் ஊட்டிப் பயணமும் இவற்றின் வழியாகவே ஆல்பத்தில் ஏறின. அன்று நல்ல கேமராவுக்கு வசதியில்லாதவர்கள் வாங்கியதை, இன்று பாக்கெட்டில் விலை உயர்ந்த செல்போன் வைத்திருப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

எதையும் மாற்ற முடியாத கேமராவை வைத்துக்கொண்டு என்ன பரிசோதனை செய்துவிட முடியும்? கேமராவை மாற்ற முடியாதபோது மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கிறது. முதலில் வெயில். எஃப் 11, 125ல் ஒரு பங்கு என்ற கணக்கு, 100 வேக பிலிமுக்கு லேசாக மங்கிய வெயிலில் கச்சிதமாகப் பொருந்தும். 400 வேக பிலிம் போட்டால் மேகம் மூடிய பகலும் கட்டட நிழலும் சரியாக விழும். உச்சி வெயிலில் அதே பிலிமுக்குத் தேவையைப் போல் எட்டு மடங்கு ஒளி கிடைத்துவிடும். வண்ண நெகட்டிவ் இந்த அதிகப்படியைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும். அது பொறுக்காதது பற்றாக்குறையைத்தான். ஆகவே ஏப்ரல் மாத டெல்லி இந்தக் கேமராவுக்குச் சொர்க்கம். டிசம்பர் மூடுபனி சந்தேகத்துக்கு இடம். கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுபோனால் கும்மிருட்டு. மணமகன் எங்கே, மணமகள் எங்கே என்று நெகட்டிவில் தேட வேண்டியதுதான்.

சாந்தினி சௌக்கில் கேமராக் கடைகள் நெருக்கியடிக்கும் கூச்சா சௌத்ரி சந்து ஒரு நல்ல சோதனைக்கூடம். கையை நீட்டினால் எதிர்ச் சுவர் இடிக்கும் இடம். சாதாரண 50 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் 40 டிகிரிதான் பார்க்கும். இங்கே அதனால் ஒரு கடைப் பலகையைக்கூட முழுதாகப் பிடிக்க முடியாது. 22 மி.மீ. லென்ஸ் பார்ப்பது அதைப் போல் இரு மடங்கு, ஏறக்குறைய 79 டிகிரி. ஒரு மீட்டர் தூரத்திலேயே 1.6 மீட்டர் அகலத்தை அள்ளிவிடும். கடைக்காரர், அவருடைய கல்லா, தலைக்கு மேல் தொங்கும் மின்கம்பிச் சிக்கல், அதற்கும் மேலே ஒரு துண்டு வானம் எல்லாம் ஒரே படத்தில். ரயில் பெட்டிக்குள் இது இன்னும் விசேஷம். எதிர் இருக்கையில் இருக்கும் குடும்பம் முழுவதும், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே, ஜன்னல் வெளிச்சம் போதுமானால், அகப்பட்டுவிடும்.

ஃபோகஸ் செய்ய வேண்டாமா என்றால், வேண்டாம். இவ்வளவு குறுகிய குவிய நீளமும் இவ்வளவு சிறிய துவாரமும் சேர்ந்தால் முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஓரளவு தெளிவாகவே விழும் என்பது கணக்கு. அதனால் கண்ணில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. தரையில் வைத்து எடுக்கலாம், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எடுக்கலாம். எப்படியும் வியூஃபைண்டர் சொல்வது உத்தேசம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: பெட்டி ஒல்லி, பார்வை அகலம். பிடித்திருக்கும் விரலும் தொங்கும் வாரும் அழைக்காமலே படத்துக்குள் வந்துவிடும். முதல் ரோலில் குறைந்தது நான்கைந்து படங்களிலாவது ஒரு கட்டைவிரல் இருக்கும்.

மூலைகள் இருண்டு போவதை ரசிகர்கள் பெரிதாகப் பாராட்டுகிறார்கள். அதில் மந்திரம் எதுவுமில்லை. சரிவாக வரும் ஒளி பலவீனமடையும் என்பது பழைய இயற்பியல். இத்தனை அகலமான கோணத்தில், எளிய லென்ஸில், மூலைக்குப் போய்ச் சேருவது நடுவில் விழுவதில் ஏறக்குறைய கால் பங்குதான். விலை உயர்ந்த லென்ஸ்கள் பல கண்ணாடிகளைச் சேர்த்து இதைச் சரிக்கட்டும். இது சரிக்கட்டாது, அவ்வளவே. ஓரங்கள் இழுபடுவதும் அப்படித்தான். குடும்பப் படத்தில் கடைசியில் நின்ற மாமா ஒரே க்ளிக்கில் பத்துக் கிலோ ஏறிவிடுவார். நடுவில் நின்றவர்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. வீட்டில் சமாதானம் நிலவ வேண்டுமானால் யாரை ஓரத்தில் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது.

இவையெல்லாம் விளையாட்டு. விளையாட்டு அல்லாத விஷயம் அந்த ஒரு மீட்டர்.

ஜூம் லென்ஸோடு தெருவின் எதிர்ப்புறம் நின்று, ஆளுக்குத் தெரியாமல் முகத்தைக் கொண்டுபோவது இந்தியத் தெருக்களில் ஒரு தலைமுறைப் பழக்கம். காசியின் படித்துறைகளில் முக்கி எழும் கிழவிகளும் ராஜஸ்தானின் தலைப்பாகைகளும் அப்படித்தான் காலண்டர்களில் ஏறினார்கள். 22 மி.மீ.யில் அந்தத் திருட்டு பலிக்காது. முகம் தெரிய வேண்டுமானால், மூச்சுக் காற்று படும் தூரத்துக்குப் போக வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் கேமராவைத் தூக்க முடியாது. எதிரில் இருப்பவர் மறுக்கலாம். மறுத்தால் படம் இல்லை.

ஆனால் இந்தப் பெட்டிக்குப் புனிதர் பட்டமும் கொடுத்துவிட முடியாது. கேமரா தன்னைப் பார்க்கவில்லை என்று நம்பி ஓரத்தில் நிற்கும் ஆள், உண்மையில் படத்துக்குள்தான் இருக்கிறார். 79 டிகிரி என்றால் எவ்வளவு என்று பார்ப்பவருக்குத் தெரியாது, எடுப்பவருக்குத் தெரியும். வேறெங்கோ பார்ப்பதுபோல் பாசாங்கு செய்து பக்கத்தில் இருப்பவரைப் பிடிப்பது அகலக் கோணத்தின் பழைய தந்திரம். பொம்மை மாதிரி இருப்பதால் யாரும் எச்சரிக்கை அடைவதில்லை என்பது இந்தத் தந்திரத்துக்கு இன்னும் வசதி. நேர்மை லென்ஸில் இல்லை.

கணக்குப் புத்தகமும் கையைக் கட்டிப்போடுகிறது. ஒரு வண்ண பிலிம், அதைக் கழுவி ஸ்கேன் செய்யும் கூலி எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். 36 படம் என்று வைத்தால் விரல் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் 30 ரூபாய் போலப் போகிறது. கேமராவைவிட அது தின்னும் தீனிக்கு விலை அதிகம்.

இந்தத் தீனியை ஒரு காலத்தில் இந்தியாவே தயாரித்துக்கொள்ள நினைத்தது. மத்திய அரசு 1960ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ஊட்டியின் குளிரில் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. பள்ளிக்கூடக் குழுப் படங்களும் பாஸ்போர்ட் படங்களும் அதில் பதிந்தன. உலகம் வண்ணத்துக்கு மாறியபோது ஊட்டி பின்தங்கியது. 1990களின் நடுவிலேயே நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பிறகு தேய்ந்து தேய்ந்து மூடப்பட்டது. இளைஞர்கள் மறுபடி பிலிமைத் தேடும் நேரத்தில் ஆலை இல்லை. வண்ண ரோல் கடல் தாண்டித்தான் வர வேண்டும். டாலர் ஏறினால் அதுவும் ஏறும்.

கழுவும் இடமும் சுருங்கிவிட்டது. தெருவுக்குத் தெரு இருந்த கலர் லேப்களில் பெரும்பாலானவை டிஜிட்டல் பிரிண்டுக்கு மாறிவிட்டன. வண்ண நெகட்டிவைக் கழுவும் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில், மூன்றேகால் நிமிடம் வேலை செய்ய வேண்டும். வெப்பம் சற்றுப் பிசகினாலும் நிறம் பிசகும். தினமும் சில ரோல்களாவது வராத கடைக்கு அந்தத் திரவத்தைப் பக்குவமாக வைத்திருப்பது கட்டுப்படியாகாது. சிறு ஊர்க்காரர்கள் ரோலைப் பெருநகரங்களுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அனுப்பும்போது உறையின் மேல் ஒரு வரி எழுதிவிடுவது உத்தமம். பிரேமின் விளிம்புவரை முழுதாக ஸ்கேன் செய்யவும், மூலைகளின் இருட்டைத் திருத்த வேண்டாம், நெகட்டிவைத் திருப்பி அனுப்பவும். எழுதாவிட்டால் இயந்திரம் தன் சுபாவப்படி ஓரத்தை நறுக்கி, நிழலை வெளுத்து, எந்த அகலத்துக்காக இத்தனை பாடோ அதையே கத்தரித்து அனுப்பிவிடக்கூடும்.