உங்களுக்குத் தெரியுமா? நாமே எழுப்பும் நிகழ்வுகள்

இணையப் பக்கத்தில் பட்டனைத் தட்டினால், 'கிளிக்' நிகழ்வை பிரவுசரே எழுப்பும். 'கூடையில் பொருள் சேர்ந்தது' என்பதோ பிரவுசர் அறியாத செய்தி. அதை ஜாவாஸ்கிரிப்டின் 'கஸ்டம்ஈவென்ட்' மூலம் நாமே எழுப்பலாம்.

• பொருளின் பெயர், விலை ஆகியவற்றை நிகழ்வின் 'டீடெய்ல்' பகுதியில் சேர்த்து அனுப்பலாம்.

• கூடை எண்ணிக்கை, மொத்தத் தொகை, அறிவிப்புப் பட்டை மூன்றும் தனித்தனியே அதைக் கேட்டு இயங்கும். ஒன்றை நீக்கினாலும் மற்றவை பாதிக்கப்படாது.

• 'பபிள்ஸ்' என்பதை 'ட்ரூ' என்று குறிப்பிடாவிட்டால், நிகழ்வு தாய் உறுப்புகளுக்கு ஏறிச் செல்லாது.

• 'டிஸ்பேட்ச்ஈவென்ட்' அழைத்ததும், கேட்கும் ஃபங்ஷன்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகே அடுத்த வரி இயங்கும். அவற்றில் கனமான வேலையை வைத்தால் பக்கமே உறைந்து நிற்கும்.

நிகழ்வைக் கேட்க உதவும் 'ஆட்ஈவென்ட்லிஸனர்' முறையை டபிள்யூ3சி அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே தரப்படுத்திவிட்டது.