மணி அங்கே ஆறு, இங்கே இரண்டரை!



"கொரியாக்காரன் பாட்டு கேக்கிறதுக்கு டிப்ளமா படிக்கணுமா?" என்று எங்கள் தெருவில் கேட்பவர்கள் உண்டு. கேட்பதற்கு வேண்டாம்தான். ஆனால் அந்தப் பாட்டு எத்தனை மணிக்கு வெளியாகிறது, ஏன் அந்த மணிக்கு வெளியாகிறது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பூகோளமும் கொஞ்சம் கணக்கும் வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் கே-பாப் கேட்கிறவர்கள் நம்மில் நிறைய பேர். அவர்களுக்காகவும், "இதுங்க ஏன் எந்நேரமும் போனும் கையுமா இருக்குதுங்க?" என்று கேட்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படியானால் 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்தது. கொரிய நேரம் 135 டிகிரியை வைத்தது. வித்தியாசம் 52.5. அதை 15-ஆல் வகுத்தால் மூன்றரை. ஆக, சியோலில் மாலை 6 மணி என்றால் தாம்பரத்தில் பகல் 2.30. இரண்டு நாட்டிலும் கோடைக்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் பழக்கம் கிடையாது. அதனால் இந்த மூன்றரை வருஷம் முழுக்க மாறாது.

ஒரு காலத்தில் நம்ம ஊருக்கே தனி நேரம் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட வானாய்வுக்கூடத்தை வைத்து 'மெட்ராஸ் நேரம்' என்று கணக்கிட்டார்கள். ரயில்கள் அதை வைத்து ஓடின. 1906-இல் இந்திய நேரம் வந்தபோது மெட்ராஸ் கடிகாரம் சுமார் 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. அதாவது, மணி என்பது வானத்திலிருந்து அப்படியே இறங்கி வருவதல்ல. யாரோ முடிவு செய்வது.

பாட்டு வெளியீடும் அப்படித்தான். முன்பு பல கொரியப் பாடல்கள் அங்கே நள்ளிரவு 12 மணிக்கு வெளிவந்தன. நமக்கு அது இரவு 8.30, சாப்பாட்டு நேரம். ஊர் தூங்கும் வேளையில் ரசிகர்கள் மட்டும் விழித்திருந்து கேட்டுக் கேட்டே பாட்டை முதலிடத்துக்கு ஏற்றுகிறார்கள் என்று அங்கே புகார் எழுந்தது. 2017 பிப்ரவரி 27 முதல் மெலன் போன்ற கொரியத் தளங்கள் விதியை மாற்றின. அப்போது பகல் 12 முதல் மாலை 6 மணிக்குள் வெளியான பாட்டு மட்டுமே உடனே மணிக்கு மணி வந்த பட்டியலில் ஏறியது. மற்றவை மறுநாள் பகல் 1 மணி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு மாலை 6 மணி வெளியீடு வழக்கமாகிவிட்டது. நமக்கு 2.30. சரியாக லேப் நேரம்!

அமெரிக்கப் பட்டியலைக் குறிவைத்தால் கணக்கு வேறு. பில்போர்டு வாரம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. பி.டி.எஸ். குழுவின் 'டைனமைட்' 2020 ஆகஸ்ட் 21, வெள்ளியன்று நியூயார்க்கில் நள்ளிரவு பிறந்ததும் வெளியானது. கொரியாவில் பகல் 1 மணி, நமக்குக் காலை 9.30. அதே குழுவின் 'பி' ஆல்பம் அதே ஆண்டு நவம்பர் 20-இல் வந்தபோது நமக்குக் காலை 10.30. ஏன் ஒரு மணி தள்ளிப்போனது? நவம்பரில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைத்துவிடுவார்கள். நம் கடிகாரம் அசையவில்லை, அவர்களுடையது அசைந்தது.

இதில் நமக்கென்று யாரும் மணி குறிப்பதில்லை. இது எனக்குப் புதிதும் இல்லை. என் அம்மா தையல் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் தைக்கும் சட்டை போய்ச் சேர வேண்டிய தேதியை வேறு தேசம்தான் சொல்கிறது. சானடோரியம் மெப்ஸ் வளாகமும் ஏற்றுமதிக்கென்றே 1984-இல் வந்ததுதான். பக்கத்தில் எத்தனையோ அண்ணன்மார் அமெரிக்கப் பகலுக்காக இங்கே ராத்திரி டியூட்டி பார்க்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. நமக்கு வராது!

என் தோழி ஒருத்தி வெளியீட்டு நாளில் லேபுக்கு வராமல் இருந்துவிட்டாள். அந்தப் பரிசோதனைக்கு ரெக்கார்டில் கையெழுத்து வாங்க மூன்று வாரம் அலைந்தாள். அலைந்திருக்கவே வேண்டாம். யூடியூப் சாதனை என்று பேசுவது முதல் 24 மணி நேரத்தை. 'டைனமைட்' அதில் 10 கோடியைத் தாண்டியது. 2.30-க்கு வந்த பாட்டுக்கு மறுநாள் 2.30 வரை அவகாசம் உண்டு. லேப் முடித்து, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டாலும் கணக்கில் சேரும். இன்னொன்று, தினசரி டேட்டா நம்ம ஊர் நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே அந்த 24 மணிக்குள் இரண்டு நாள் டேட்டா கிடைக்கும். தனியாக ரீசார்ஜ் செய்ய வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அந்த லேப் நேரத்துக்குப் பின்னால் அம்மாவின் ஓவர்டைம் இருக்கிறது. பாட்டை விடச் சொல்லவில்லை நண்பர்களே, நானும் விடப்போவதில்லை. 52.5-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள், வெளியீட்டு நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள், 2.30-க்கு லேபில் இருங்கள். பாட்டு எங்கும் போய்விடாது!