கை மறவாத வேலை: எல்லைப்புற ஊர்களின் ஓலையும் துணியும்

முதுமையில் கால் தளர்வதுண்டு, கண் மங்குவதுண்டு, பெயர்கள் நினைவிலிருந்து நழுவுவதும் உண்டு. ஆயினும் இளமையில் பழகிய கைவேலையைக் கை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. ஓய்வுக்காலத்தை எவ்வாறு பயனுறக் கழிப்பது என்னும் கேள்விக்கு விடையைத் தொலைவில் தேடுமுன், நம் கைகள் ஏற்கெனவே அறிந்தவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று. அதற்கு ஏற்ற நிலமாக, கேரளத்தின் தென்கோடியில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் பேசப்படும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புற ஊர்களை இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டுள்ளோம்.

எல்லை பிரித்தது, கைவேலை பிரியவில்லை

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தென்பகுதியிலிருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை களியக்காவிளையருகே விழுந்ததேயன்றி, மண்ணும் மரமும் உறவும் இருபுறமும் ஒன்றாகவே தொடர்ந்தன. பனையோலையால் முடைந்த கடவமும், மீன் வாங்கிவர எடுத்துச் செல்லும் ஓமலும், கருப்பட்டி அடுக்கும் பெட்டியும் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே கைப்பாங்கில் உருவானவை.

இந்நிலப்பகுதியில் கைவேலை வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னலைக் கற்பித்தார்; அதனால் கிடைத்த வருவாயைக் கொண்டு அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர் தம் விடுதலைக்கு விலை கொடுத்தனர். நூறாண்டுகளுக்குப் பின், 1920-களில், மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. வழியாக அமைத்த கிராமப் புனரமைப்பு மையம், தேனீ வளர்ப்பையும் குடிசைத் தொழில்களையும் உழவர் குடும்பங்களுக்குப் பயிற்றுவித்தது. ஓய்ந்த வேளையில் செய்யும் சிறு வேலையும் ஒரு குடும்பத்தை நிமிர்த்தும் என்பதே அதன் அடிப்படை.

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ள பாலராமபுரம் இன்னொரு சான்று. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கும் இவ்வூரில், தமிழ் நிலத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குடும்பங்கள் குழித்தறிகளை நிறுவின. இங்கு நெய்யப்படும் கசவுத் துணி இன்று புவிசார் குறியீடு பெற்றது. தறியில் அமர இயலாத வயதிலும் ராட்டையருகே அமர்ந்து தார் சுற்றித் தரும் முதியோரின் பங்கு நெசவுக் குடும்பங்களில் என்றும் உண்டு. முதுமைக்கும் ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்த வாழ்க்கை முறை அது.

இன்று நிலைமை வேறு. பனை நின்ற விளைகள் பலவற்றில் ரப்பர் நிற்கிறது. கடவம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கூடை இருக்கிறது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெருநகரங்களிலும் பணிபுரிய, பெரிய வீட்டில் பெற்றோர் மட்டும் இருக்கும் நிலை அரிதன்று. பொருள் வழக்கொழிந்தால் அதன் பெயரும் ஒழியும். கடவம், ஓமல் என்னும் சொற்களைப் பேரப்பிள்ளைகள் கேட்டதுமில்லை. ஆகவே ஒரு மூத்தவர் ஓலையைக் கையிலெடுப்பது, அவருடைய மாலைப்பொழுதை நிறைப்பதோடு, ஓர் ஊரின் அறிவை இன்னொரு தலைமுறைக்குக் கடத்துவதும் ஆகும்.

இனி, எவரும் வீட்டில் செய்யத்தக்க மூன்று எளிய பொருள்களைக் காண்போம்.

1. கோப்பை வைக்கும் ஓலைத் தட்டு

நன்கு முற்றாத, மஞ்சள் கலந்த வெண்ணிறப் பனையோலை இதற்குச் சிறந்தது. ஈர்க்கை நீக்கி, வெயிலில் உலர்த்தி, முடையுமுன் சிறிது நேரம் நீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஓலை முறியாது வளையும்.

ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலமும் 22 சென்டிமீட்டர் நீளமும் உள்ள 16 கீற்றுகளை நறுக்கிக்கொள்க. எட்டுக் கீற்றுகளை நெடுக்காக, இடைவெளியின்றி அடுக்குக. மேல் நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் விட்டு, ஒன்பதாவது கீற்றைக் குறுக்காக, ஒன்றன் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செலுத்துக. அடுத்த குறுக்குக் கீற்று, முன்னது மேலே சென்ற இடத்தில் கீழே செல்ல வேண்டும். எட்டுக் குறுக்குக் கீற்றுகளும் முடிந்தபின் நாற்புறமும் மெல்ல இழுத்து இறுக்கினால் 10 சென்டிமீட்டர் சதுரம் அமையும்.

ஓரங்கட்டுவதே இதில் கவனம் வேண்டும் பகுதி. கடைசிக் கீற்றின் மேலே வந்து நிற்கும் நுனியைப் பின்புறமாகவும், கீழே நிற்கும் நுனியை முன்புறமாகவும் மடித்து, பின்னலின் இரண்டு கண்களுக்குள் செருகுக. மிஞ்சியதைக் கத்தரிக்க. ஆறு தட்டுகளை ஒரு நூலால் கட்டினால் புதுமனை புகுவோர்க்கும் திருமணத் தம்பதியர்க்கும் தரத்தக்க பரிசாகும்.

2. வெட்டிவேர்ப் பொதி

பெட்டியில் உறங்கும் பழைய கசவு முண்டையோ நேரியதையோ எடுத்துப் பாருங்கள். நடுப்பகுதி நைந்திருக்கும், கரை மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். கரையோடு சேர்த்து 24 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டை வெட்டுக. கசவு ஒரு குறுகிய ஓரத்தில் வருமாறு பார்த்துக்கொள்க. நல்ல புறம் உள்ளே இருக்க இரண்டாக மடித்து, இரு பக்கங்களையும் நேர்த்தையல் இட்டுப் புறந்திருப்புக. வாயின் ஒரு பக்கத்தில் கசவு அமையும்.

இவ்வூர்களில் ராமச்சம் எனவும் அழைக்கப்படும் வெட்டிவேரைத் தூசி போக உதறி, விரற்கடை நீளத்தில் நறுக்கி, முக்கால் பங்கு நிரப்பி வாயைக் கட்டுக. அலமாரியில் துணிகளுக்கிடையே வைக்கலாம். மணம் குன்றும்போது வேரின் மேல் சிறிது நீர் தெளித்து, காற்றில் நன்கு உலர்த்தினால் மீண்டும் மணக்கும். வெளிநாட்டிலுள்ள மகளின் பெட்டிக்குள், தாயின் நேரியதில் தைத்த ஒரு பொதி செல்லுமானால் அதற்கு வேறு அணிந்துரை வேண்டுவதில்லை.

3. பாஸ்புக் உறை

எங்கள் வாசகர் ஒவ்வொருவரிடமும் உள்ள பொருளுக்கான உறை இது. பாஸ்புக்கை விரித்து உயரத்தையும் அகலத்தையும் அளந்துகொள்க. உயரத்தோடு 3 சென்டிமீட்டரும், விரித்த அகலத்தோடு 15 சென்டிமீட்டரும் கூட்டித் துணியை வெட்டுக. கைத்தறித் துணி மெல்லியதாயின் இரட்டையாக வைத்துக்கொள்ளலாம். இடம், வலம் இரு ஓரங்களையும் ஒரு சென்டிமீட்டர் மடித்துத் தைக்க. பின்னர் நல்ல புறம் உள்ளிருக்குமாறு அவ்விரு ஓரங்களையும் 6 சென்டிமீட்டர் உள்நோக்கி மடித்து, அம்மடிப்புகளின் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தைக்க. புறந்திருப்பினால் இரு பைகள் கிடைக்கும். புத்தகத்தின் அட்டைகள் அவற்றுள் நுழையும். நடுவில் தைக்காது நிற்கும் விளிம்பையும் மடித்துத் தைத்துவிடுக.

ஒரு சொல்: உறை எத்துணை அழகாக அமைந்தாலும் ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணை அதற்குள் எழுதி வைத்தல் கூடாது.

முடைவோர் நலம்

காலை வெளிச்சத்தில், சன்னலருகே, முதுகுக்குச் சாய்வுள்ள இருக்கையில் அமர்ந்து செய்வது நல்லது. இருபது அல்லது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை நீட்டி மடக்கி ஓய்வு தருக. மூட்டு வலி உள்ளோர் கீற்றை இரு விரல் அகலமாக வைத்துக்கொண்டால் பிடிப்பது எளிது. ஊசியில் நூல் கோப்பது இடராயின், பெரிய காதுள்ள ஊசிகள் ஐந்தாறில் பிள்ளைகளைக் கொண்டு முன்னதாகவே நூல் கோத்து வைக்கலாம்.

ஓலையின் விளிம்பு விரலைக் கீறும். நீரிழிவு உள்ளோர் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் துணிச்சுற்று அணிந்து, வேலை முடிந்ததும் விரல்களைப் பார்த்துக்கொள்வது அவசியம். மறதி மிகுந்தோர்க்கு நெடுக்குக் கீற்றை ஒரு நிறத்திலும் குறுக்குக் கீற்றை மற்றொரு நிறத்திலும் தந்தால், மேல் எது, கீழ் எது என்பது கண்ணுக்கே தெரியும். பின்னல் தவறினால் பிறர் கையிலிருந்து பிடுங்கித் திருத்துதல் வேண்டா. தட்டு சற்றுக் கோணினால் குறைவில்லை. முதியவரின் மனம் கோணலாகாது.

கற்பித்தலே பெரும் பரிசு

தென்னங்குருத்தில் முடையும் பந்து, பாம்பு, குருத்தோலை ஞாயிறன்று தேவாலயங்களில் பெறும் ஓலையை மடித்துச் செய்யும் சிறு சிலுவை ஆகியவற்றை இங்கு நாம் விளக்கவில்லை. அவை எழுத்தில் சொன்னால் சிக்குவன. கையைப் பார்த்துக் கை பழகுவன. அவற்றை அறிந்த பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டிலிருப்பாராயின், விடுமுறையில் வரும் பிள்ளைகளை அவரருகே அமர்த்துங்கள். கைப்பேசியில் அவர் கைகளை மட்டும் படம்பிடித்து வைப்பதும் பயன்தரும். பரிசளிக்கும்போது, செய்தவர் பெயர், ஊர், பொருளின் தமிழ்ப் பெயர் ஆகிய மூன்றையும் சிறு சீட்டில் எழுதி இணையுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரும் விளையாட்டுப் பொருளில் மணியோ கல்லோ விதையோ இடாதிருத்தல் வேண்டும்.

ஊராட்சிகளின் ஆதரவில் இயங்கும் பகல்வீடுகளிலும், அயற்கூட்டங்களிலும் சேர்ந்து அமர்ந்து முடைவது தனிமைக்கு நல்ல மாற்று. ஒருவர் ஓலை கிழிக்க, ஒருவர் நறுக்க, ஒருவர் பின்ன, பேச்சும் உடன் நடக்கும்.

சிலருக்கு இது வருவாயாகவும் மாறலாம். விலை குறிக்கும்போது ஓலை, நூல், வண்ணம் ஆகியவற்றின் செலவோடு, செலவிட்ட நேரத்துக்கான கூலியையும் கூட்டுக. 'வீட்டில் சும்மா இருந்து செய்ததுதானே' என்று தம் உழைப்பைத் தாமே குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. இதையே தொழிலாகக் கொண்டோர் அறியவேண்டிய திட்டம், 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா. அதில் அடங்கும் 18 தொழில்களில் கூடை, பாய் முடைதலும் ஒன்று. குடும்பத்துக்கு ஒருவர் என்னும் வரம்புக்குட்பட்டு, 5 சதவிகித வட்டியில் முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரையும், அதனை முறையாகச் செலுத்தியபின் இரண்டு லட்சம் ரூபாய் வரையும் கடன் பெற அத்திட்டம் வழிசெய்கிறது. மகிழ்ச்சிக்காக மட்டும் முடைவோர்க்குக் கடன் எதுவும் தேவையில்லை. கைப்பிடி ஓலையும் ஒரு கத்தரியும் போதும்.

வரும் விடுமுறையில் வீட்டு மூத்தவரிடம், "உங்கள் சிறுவயதில் ஓலையில் என்னவெல்லாம் செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் தொடங்குமுன் அவர் விரல்கள் அசையக்கூடும். அருகில் ஓர் ஓலையை வைத்திருங்கள்.