பேர் வைக்கும் நாள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் லயமே உறவாகிவிடும் காலம் ஒன்று இருந்தது. பத்தியக் குழம்பு வைக்க ஒருவர், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பாட்டி, தூளி கட்டப் பழஞ்சேலை தர இன்னொருவர் என ஆள் வந்து நிற்கும். பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ, அவரவர் குடும்ப வழக்கப்படி துடக்குக் கழித்து, குழந்தையின் காதில் பெயரைச் சொல்லித் தொட்டிலில் இடுவார்கள்.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய மலை இது. இன்று இங்கே கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். பாட்டி மலையில், பேரப்பிள்ளை பட்டணத்து அடுக்குமாடியில். அதனால் சடங்கை விட்டுவிடுவதா?

உலகெங்கும் சிதறி வாழ்ந்த யூதர்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள்தாம். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்து பெயரிடுவது அவர்கள் மரபு. ஆனால் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் தேறும்வரை தள்ளிவைக்க வேண்டும் என்பதும் அதே மரபின் விதி. பெண் குழந்தைக்குத் தொழுகைக்கூடத்தில் பெயர் அறிவிப்பதோடு பல இடங்களில் முடிந்துவந்தது. அண்மைத் தலைமுறைகளில் பல குடும்பங்கள் 'சிம்ஹத் பாத்' என்று மகளுக்கும் உறவைக் கூட்டி விழா எடுக்கின்றன. மரபுக்குள்ளேயே இடம் உண்டாக்கிக்கொண்டார்கள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஸெபர்திய யூதர்கள், தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பெயரைக் குழந்தைக்கு வைப்பார்கள். தமிழிலோ 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', அதாவது தாத்தாவின் பெயரைக் கொண்டவன் என்பதிலிருந்து வந்தது.

ஆகவே நாள் சனி, ஞாயிறுக்கு மாறினால் குற்றமில்லை. மகனுக்குச் செய்வதை மகளுக்கும் குறைவின்றிச் செய்யலாம். சேனை வைப்பதை மட்டும் விட்டுவிடுவது நல்லது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சர்க்கரைத் தண்ணீருக்குப் பதில் பாட்டி மடியில் ஏந்தி வாழ்த்தினாலே போதும்.

தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளியில் சேரவும், 12 வயதில் அடையாள அட்டை எடுக்கவும் அலைய நேரிடும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடாமல், பெற்றோர் தங்கள் திருமணத்தையும் முறையாகப் பதிந்திருக்க வேண்டும். பதிவாகாத திருமணம் பிள்ளையின் குடியுரிமையையே சிக்கலாக்கலாம்.

காதில் சொன்ன பெயர் பத்திரத்திலும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்கப்போவது அந்தப் பெயரைத்தான்.