ஆற்றுப்படை மரபும் தொழில்சார் இணைய வலைப்பின்னல்களும்: தென்காசி, குற்றால வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பயன்பெற்றவர் பயன்பெறாதவரை வழிப்படுத்துவது ஆற்றுப்படை இலக்கியத்தின் அடிப்படை. லிங்க்டுஇன் முதலான தொழில்சார் இணைய வலைப்பின்னல்களும் அறிமுகம், பரிந்துரை, வழிகாட்டல் ஆகியவற்றின் மீதே இயங்குகின்றன. இவ்விரண்டையும் சமூகப் பிணைப்புக் கோட்பாட்டின் துணையோடு ஒப்பிட்டு, தென்காசி, குற்றாலம் வட்டாரத்துச் சிறுதொழில் முனைவோர் மதிப்புமிக்க வணிகத் தொடர்புகளைக் கண்டறியும் நெறியை இக்கட்டுரை விளக்குகிறது. எண்ணிக்கையைப் பெருக்குவதை விட, இரு வேறு வட்டங்களை இணைக்கும் இடைநிலை அறிமுகங்களைத் தேர்ந்து பேணுவதே பயன் தரும் என்பது இதன் கருதுகோள்.

முதன்மைச் சொற்கள்: ஆற்றுப்படை, குறவஞ்சி, மெல்லிய பிணைப்பு, தொழில்சார் வலைப்பின்னல், தென்காசி, பரிந்துரை.

முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. புளியங்குடியின் எலுமிச்சைச் சந்தை, பாவூர்சத்திரத்தின் காய்கறிச் சந்தை, சங்கரன்கோவிலின் பூச்சந்தை, குற்றாலத்தின் சாரல் காலச் சுற்றுலா என இவ்வட்டாரத்தின் பொருளியல் பல கூறுகளைக் கொண்டது. இவற்றோடு, மத்தளம்பாறையில் 2011இல் தொடங்கப்பட்ட சோகோ நிறுவனத்தின் அலுவலகம், மென்பொருள் தொழிலுக்குப் பெருநகர வாழ்வு இன்றியமையாதது என்ற எண்ணத்தை மாற்றியது.

இருப்பினும், விளைபொருளும் உழைப்பும் கல்வியும் இருந்தும் உரிய வாங்குநரையோ பங்காளரையோ அறியாமையால் வளர்ச்சி தடைபடும் நிலை சிறுதொழிலில் இயல்பாகக் காணப்படுவது. ‘யாரை அறிவது, எவ்வழியே அறிவது’ என்பதே இங்கு வினா. இவ்வினாவுக்குத் தமிழ் மரபு முன்பே ஒரு விடையை வடித்து வைத்துள்ளது.

1. ஆற்றுப்படை: பரிந்துரையின் இலக்கணம்

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர், தாம் பெற்ற பெருவளத்தைப் பெறாதவர்க்கு எடுத்துரைத்து, வள்ளலிடம் செல்ல வழிப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரையறுக்கிறது. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் முறையே கரிகாலன், நல்லியக்கோடன், தொண்டைமான் இளந்திரையன், நன்னன் ஆகியோரிடம் கலைஞரை வழிப்படுத்துவன.

இந்நான்கையும் பரிந்துரை என்னும் நோக்கில் அணுகும்போது மூன்று கூறுகள் புலப்படுகின்றன. முதலாவது, பரிந்துரைப்பவர் தாமே பயன்பெற்றவர். அவருடைய சொல்லுக்கு அவர் பெற்ற பரிசிலே சான்று. இரண்டாவது, வள்ளலின் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், அவனது நாடு, இயல்பு, அவனை அணுகும் முறை, செல்லும் வழி, வழியிலுள்ள இடர் ஆகியவற்றையும் அவர் விளக்குகிறார். மலைபடுகடாம் வழியின் இடர்களை விரிவாகப் பேசுவது இதற்குத் தக்க சான்று. மூன்றாவது, இருவரும் வழியில் எதிர்ப்படுவோர். உறவினரோ அணுக்க நண்பரோ அல்லர். ஒரே கலைத்தொழிலைச் சார்ந்தவர்கள் என்பதே அவர்களை இணைக்கும் இழை. இம்மூன்றாம் கூறு இன்றைய சமூகவியல் கோட்பாட்டோடு நெருங்கிய தொடர்புடையது.

2. குறவஞ்சி: தன்னறிமுகத்தின் முறை

ஆற்றுப்படை பிறரை அறிமுகம் செய்வது. குறவஞ்சியின் தலைவியிடம் வரும் குறத்தியோ தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறாள். குற்றாலத்தை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், வசந்தவல்லியைக் காண வரும் குறத்தி தன் மலையின் வளத்தையும் தன் குறியின் சிறப்பையும், குறி சொல்லி முன்னர்ப் பெற்ற பரிசில்களையும் எடுத்துரைக்கிறாள். குறி கேட்பதற்கு முன் கேட்பவரின் நம்பிக்கையைப் பெறுதல் இதன் நோக்கம்.

இன்றைய வலைப்பின்னலில் ஒருவர் அமைக்கும் தன்விவரப் பக்கம் இதே பணியைச் செய்கிறது. ஊர், தொழில், செய்து முடித்த பணி, பெற்ற நற்சான்று ஆகிய நான்கும் அதில் தெளிவாக இடம்பெற வேண்டும். ‘திறமையானவர்’, ‘அனுபவம் மிக்கவர்’ என்ற பொதுச் சொற்கள் நம்பிக்கை தருவதில்லை. எங்கே, எதனை, யாருக்குச் செய்தார் என்ற குறிப்பே நம்பிக்கை தருகிறது.

3. மெல்லிய பிணைப்பின் வலிமை

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. பாஸ்டன் புறநகரொன்றில் அறிமுகத்தின் வழியே வேலை மாறியவர்களை அவர் ஆராய்ந்தார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்தோர் 16.7 விழுக்காட்டினர், எப்போதேனும் சந்தித்தோர் 55.6 விழுக்காட்டினர், அரிதாகச் சந்தித்தோர் 27.8 விழுக்காட்டினர். நெருங்கியவர்கள் அறிந்ததையே நாமும் பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். சற்றே தொலைவில் இருப்பவர் வழியே புதிய செய்தி வருகிறது என்பது அவர் தந்த விளக்கம். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு குழுக்களின் இடைவெளியில் நிற்பவர் பெறும் பயனை ரொனால்ட் பர்ட் 1992இல் ‘கட்டமைப்பு இடைவெளி’ எனக் கோட்பாடாக்கினார்.

2003இல் பயன்பாட்டுக்கு வந்த லிங்க்டுஇன் தளம், இக்கோட்பாட்டைப் பேரளவில் சோதிக்கும் களமாயிற்று. அத்தளத்தில் 2015 முதல் 2019 வரை ஏறத்தாழ 2 கோடிப் பயனர்களிடம் நிகழ்ந்த சோதனைகளின் முடிவு 2022இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியானது. வேலை மாற்றத்திற்கு மெல்லிய பிணைப்புகள் கூடுதலாக உதவுகின்றன. ஆயினும் பொது நண்பர் எவருமில்லாத மிக மெல்லிய பிணைப்பை விட, ஓரளவு மெல்லிய பிணைப்பே மிகுதியும் பயன் தருகிறது என அது கண்டது. மேலும், மின்னியமாக்கம் மிகுந்த தொழில்களில் மெல்லிய பிணைப்பும், குறைந்த தொழில்களில் வலுவான பிணைப்பும் சிறப்பாக உதவுகின்றன என்பதையும் அது காட்டியது. அவ்வாய்வு வேலை மாற்றத்தைப் பற்றியது. எனினும், புதிய செய்தி பாயும் வழியை அது புலப்படுத்துவதால், வணிகத் தொடர்பிற்கும் ஒப்புநோக்கத்தக்கது.

4. தென்காசி வட்டாரத்தின் பிணைப்புகள்

இவ்வட்டாரம் எல்லை கடந்த வணிகத்திற்குப் பழகியது. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1904இல் அமைந்தது. 2018இல் அதன் அகலப்பாதைப் பணி நிறைவுற்றது. பாவூர்சத்திரத்தின் காய்கறி கேரளத்துக்குச் செல்வதும், ஓணத்தையொட்டி அங்கே தேவை பெருகுவதும் இத்தொடர்ச்சியின் விளைவுகள்.

சந்தை வணிகம் வலுவான பிணைப்பின் மேல் நிற்கிறது. கமிஷன் மண்டியார் உழவருக்கு முன்பணம் தருகிறார். சரக்கை ஏலத்தில் விற்றுக் கமிஷனைக் கழித்துக்கொள்கிறார். வெளியூர் வியாபாரியின் நாணயத்துக்கும் அவரே பொறுப்பாகிறார். இவ்வுறவு எழுத்தின்றியே பல ஆண்டுகள் தொடர்வது. பர்ட்டின் சொல்லாட்சியில் கூறினால், உழவருக்கும் வாங்குநருக்கும் இடையிலான இடைவெளியில் மண்டியார் நிற்கிறார். அவ்விடத்தை இணையத் தளமொன்று எளிதில் நிரப்பிவிட இயலாது; கடனும் பொறுப்பும் திரையில் தோன்றும் அறிமுகத்தால் மட்டும் வருவன அல்ல.

ஆனால் எலுமிச்சையை ஊறுகாயாக்கி வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்புவோர்க்கும், மென்பொருள் சேவை வழங்குவோர்க்கும் உறவு வட்டமும் மண்டி வட்டமும் போதா. அவர்கள் நாடும் வாங்குநர் அவ்வட்டங்களுக்கு வெளியே இருக்கிறார். தொழில்சார் வலைப்பின்னலின் தேவை இங்குதான் தொடங்குகிறது.

5. தொடர்பைக் கண்டறியும் நெறி

மதிப்புமிக்க தொடர்பு என்பது பதவியால் பெரியவரின் தொடர்பு அன்று. தேவையான முடிவை எடுக்கவல்லவர், அல்லது அவரிடம் கொண்டு சேர்க்கவல்லவர் ஒருவரின் தொடர்பே அது. புளியங்குடி ஊறுகாய் உற்பத்தியாளர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு நெறியை விளக்கலாம்.

முதலில், நாடும் நபரை வரையறுக்க வேண்டும். ‘வெளிநாட்டு வணிகர்’ என்பது பொது. ‘சிங்கப்பூரில் இந்திய உணவுப்பொருள் இறக்குமதி நிறுவனத்தின் கொள்முதல் அலுவலர்’ என்பது தேடத்தக்கது. அடுத்து, அவரோடு நேரடி அறிமுகம் இல்லாதபோது, இருவருக்கும் பொதுவான இரண்டாம் நிலைத் தொடர்பைக் காண வேண்டும். ஊர், கல்லூரி, முன்னைய பணியிடம் ஆகியவற்றால் வடிகட்டும் வசதி இதற்கு உதவும். தென்காசி, நெல்லைக் கல்லூரிகளில் பயின்று அயலகம் சென்ற முன்னாள் மாணவர்களே இவ்வட்டாரத்தின் இயல்பான பாலங்கள்.

மூன்றாவதாக, வேண்டுகோள் சுருக்கமாக இருக்க வேண்டும். தாம் யார், அவரை அறிந்த வழி எது, வேண்டுவது என்ன என்ற மூன்றும் போதும். முதல் மடலிலேயே விலைப்பட்டியல் அனுப்புவது அறிமுகத்தைக் கெடுக்கும். நான்காவதாக, பெறும் முன் தர வேண்டும். விளைச்சல் பருவம், விலைப்போக்கு, தரப்பிரிப்பு முதலான தம் துறைச் செய்திகளைத் தொடர்ந்து பகிர்பவர் பிறருக்குப் பயன்படுபவராகிறார். குறள் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாக வகுத்தது இங்கு நினைக்கத்தக்கது.

ஐந்தாவதாக, தொடர்பைச் சரிபார்க்க வேண்டும். இந்திய நிறுவனமெனில் சரக்கு சேவை வரி எண்ணையும் நிறுவனப் பதிவையும் அரசுத் தளங்களில் பார்க்க இயலும். அயல்நாட்டு நிறுவனமெனில் அந்நாட்டுப் பதிவேட்டைக் காண வேண்டும். முன்பணம் கேட்கும் புதிய ‘வாங்குநர்’ ஐயத்திற்குரியவர். உற்பத்தியாளரும் தமது உணவுப் பாதுகாப்பு உரிமம், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருத்தல் மறுதரப்பின் ஐயத்தை நீக்கும்.

6. வரம்புகள்

இந்நெறிக்குச் சில வரம்புகளும் உண்டு. இத்தளங்களின் பொதுவழக்கு ஆங்கிலம்; லிங்க்டுஇன் 2021 டிசம்பரில்தான் முதல் இந்திய மொழியாக இந்தியை ஏற்றது. எனவே ஆங்கிலப் பயிற்சி குறைந்த முனைவோர் பின்தங்குகின்றனர். மேலும், தளம் பரிந்துரைக்கும் பெயர்கள் ஏற்கெனவே உள்ள தொடர்புகளைச் சார்ந்தவை. ஆகவே வட்டம் குறுகியவர்க்குக் குறுகிய பரிந்துரையே கிட்டும். உறவும் சாதியும் வகுத்த வணிக வட்டங்கள் இணையத்திலும் அவ்வாறே பெயர்த்து எழுதப்படும் ஆபத்து இதனால் எழுகிறது. முதல் தலைமுறைத் தொழில் முனைவோரும் பெண்களும் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுவர். கல்லூரிகளின் முன்னாள் மாணவர் அமைப்புகள், துறை வேறுபாடின்றி இவர்களை அறிமுகப்படுத்தும் பொறுப்பை ஏற்பது இதற்கு ஒரு மாற்று.

முடிவுரை

1. ஆற்றுப்படையின் பரிந்துரை அனுபவச் சான்று, வழி விளக்கம், ஒரே தொழில்சார் அறிமுகம் ஆகியவற்றின் மேல் அமைந்தது. இவை தொழில்சார் வலைப்பின்னலுக்கும் பொருந்துகின்றன.

2. ஓரளவு மெல்லிய பிணைப்பே மிகுதியும் பயன் தருவது என்ற 2022ஆம் ஆண்டு ஆய்வு முடிவு, முன்பின் அறியாதார்க்கு மொத்தமாக வேண்டுகோள் விடுப்பதை விட, பொது அறிமுகத்தின் வழியே அணுகுவது சிறந்தது என்பதற்குத் துணை நிற்கிறது.

3. தென்காசியின் சந்தை வணிகத்தில் வலுவான பிணைப்பின் இடம் நீடிக்கும். மதிப்புக்கூட்டு உற்பத்திக்கும் மென்பொருள் சேவைக்கும் மெல்லிய பிணைப்பு தேவை. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாகக் கொள்வது பிழை.

4. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது கடமை எனக் கொண்டதாலேயே ஆற்றுப்படை ஒரு துறையாக நிலைபெற்றது. தென்காசியிலிருந்து சென்று உயர்ந்தோர் அடுத்து வருவோரை ஆற்றுப்படுத்தாதவரை, எத்தளமும் வெறும் பெயர்ப் பட்டியலாகவே எஞ்சும்.